காதை எட்டிய கை

சுதந்திரம் வந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பில் ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டம் என்கிறார்கள், அன்றைக்கு அது தஞ்சாவூர் ஜில்லா. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, படிப்பு கைநாட்டு. என் மகளுக்கு நாலு வயது. அந்த நாலு வயதுப் பிள்ளையை மூன்றே மாதத்தில் எழுதப் படிக்க வைத்துவிட வேண்டும் என்று நான் ஆடிய ஆட்டத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். நல்லபடியாக முடிந்த கதைதான், பயப்படாமல் கேளுங்கள்.

மகள் வயிற்றில் ஏழு மாசமாக இருக்கும்போது என் வீட்டுக்காரர் பினாங்குக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கடுதாசி வரும். நீலக் காகிதம், எழுதிய பிறகு மூன்றாக மடித்து அதையே ஒட்டி அனுப்புவார்கள், தனியாக உறை கிடையாது.

எங்கள் ஊரில் தபால் ஆபீஸ் இல்லை. தபால்காரர் சைக்கிளில் வந்து எல்லார் கடுதாசியையும் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கடைக்காரர் எனக்கு அண்ணன் முறை. அவர்தான் ஊருக்கே கடுதாசி வாசிக்கிறவர். சாயங்காலமானால் கடை பெஞ்சில் என் மாமனார் உட்காருவார், பங்காளிகள் நாலு பேர் உட்காருவார்கள், நான் புளி மூட்டைக்கு அந்தப் பக்கம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பேன். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். கப்பல் கடுதாசி என்றால் ஊருக்கே பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம்.

கடுதாசியில் என்ன இருக்கும்? நலம், நலமறிய ஆவல். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, மேலக்காட்டில் என்ன போட்டிருக்கிறது, செவலைப் பசு சினையா இல்லையா. கடைசியில், வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். அந்த எல்லோரிலும் நானும் ஒருத்தி. செவலைப் பசுவுக்குத் தனியாக ஒரு வரி உண்டு, எனக்குக் கிடையாது. நாலு வருஷமும் இதே கதைதான். வயிற்றெரிச்சலில் அந்தப் பசுவுக்கு ஒருநாள் தவிடு குறைத்துக்கூட வைத்திருக்கிறேன்.

பதில் எழுதும்போது மாமனார் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுவார். எல்லாம் முடிந்ததும் மாமனார் என் பக்கம் திரும்பாமலே, "ஏத்தா, நீ எதுவும் சொல்றியா?" என்பார்.

"ஒண்ணுமில்லை மாமா" என்பேன்.

ஒன்றுமில்லையா? நெஞ்சு முட்ட ஒரே ஒரு கேள்வி இருந்தது. எப்போது வருவீர்கள்? அவ்வளவுதான். ஆனால் மாமனாரையும் பங்காளிகளையும் வைத்துக்கொண்டு, அண்ணன் முறைக்காரரிடம், என் புருஷனை வரச் சொல்லுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஊர் சிரித்துவிடும். நாலு வருஷமாக அந்தக் கேள்வியை முழுங்கிக்கொண்டே இருந்தேன். அவராகவும் வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னை மறந்தே போனார் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. மகள் படித்துவிட்டால்? அவளே கடுதாசியை வீட்டில் வைத்து வாசிப்பாள், நான் சொல்வதை அவளே எழுதுவாள். மூன்றாம் மனுஷருக்குத் தெரிய வேண்டாம். என் கேள்வி போய்ச் சேர்ந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் ஐந்து வயது முடிந்தால்தான் சேர்ப்பார்கள். பிறந்த தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்? வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயது வந்துவிட்டது என்று அர்த்தம். என் மகளுக்குக் கை பாதித் தலையோடு நின்றுவிட்டது. நான் விடுவேனா? ஒரு மாதம் முழுக்க, காலையில் எழுந்ததும் விளக்கெண்ணெயைத் தடவி அவள் வலது கையை நீவி நீவி இழுத்து விட்டேன். கை நீளும் என்று நிஜமாகவே நம்பினேன். அவள் கையை விரித்துக்கொண்டு, "வளந்துருச்சா ஆத்தா?" என்று தினமும் கேட்பாள்.

கை வளரவில்லை. ஆனால் தலையைச் சாய்த்தால் காது கிட்டே வரும் என்று கண்டுபிடித்தோம். பள்ளிக்கூடத்தில் அவள் கோழி தூங்குவது மாதிரி தலையைச் சாய்த்துத் தொட்டாள். தலைமை வாத்தியார், "தலைய நேரா வச்சுத் தொடு தாயி" என்றார். நான் முந்திக்கொண்டு, பிள்ளைக்குக் கழுத்துச் சுளுக்கு என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டார்.

அதோடு நின்றேனா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் மணலைப் பரப்பி உட்கார வைப்பேன். இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள், எழுது. மறந்துவிட்டது என்றால் குட்டு. மற்றப் பிள்ளைகள் தெருவில் நொண்டி விளையாடும். இவள் கண் அங்கே போனால் அதற்கொரு அடி. எழுதினால்தான் சோறு என்று சொல்லி வைத்திருந்தேன். விரல் நுனி மணலில் தேய்ந்து சிவந்து போயிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை எழுது என்று சொன்னவள் நான். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆடி மாதம் கடுதாசி வந்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, கடை வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் மகளை முன்னே தள்ளி, "எம்பிள்ளை வாசிக்கும்ணே" என்றேன். அண்ணன் ஆச்சரியத்தோடு நீலக் காகிதத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.  பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அம்மா, ஆடு, இலை, ஈ" என்று பாடப் புத்தகத்தை ஒப்பித்தாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பினாங்குல ஈ மொய்க்குதாம்யா" என்றார் ஒரு பங்காளி. பயத்தில் பிள்ளை நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். அவமானம் தாங்காமல் எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தேன்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். சிலேட்டை எடுத்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். அடித்தும் பார்த்தேன், கருப்பட்டி கொடுத்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பத்தாம் நாள் மகளுடைய டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற சின்ன வயதுப் பெண். என்னைவிட ஒரு வயது குறைவாகத்தான் இருக்கும். மாமனார் வயலுக்குப் போயிருந்தார்.

"பிள்ளை பத்து நாளா வரலையே, ஒடம்புக்கு ஆகலையா?" என்றார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க டீச்சர். கொழுப்பு. நல்லா அடிச்சுச் சொல்லிக் குடுங்க. ஐப்பசிக்குள்ள அவ கடுதாசி எழுதணும்."

"இம்புட்டுப் பிள்ளை யாருக்குங்க கடுதாசி எழுதப் போகுது?"

 வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நாலு வருஷத்துக் கதையையும் கொட்டிவிட்டேன்.  டீச்சர் அந்த ஒரு வரியைத் தானே எழுதித் தரட்டுமா என்று கேட்டார். எழுதித் தந்தால் மட்டும்? பதில் கடைக்குத்தானே வரும், ஊருக்கு முன்னால்தானே வாசிப்பார்கள் என்றேன்.

"அப்ப அவசரம் பிள்ளைக்கு இல்லை, ஒங்களுக்கு. நீங்க படிங்க. பிள்ளைய விளையாட விடுங்க" என்றார்.

"நானா? இந்த வயசுலயா?"

"கையத் தலைக்கு மேல போட்டுக் காதைத் தொடுங்க."

என்ன விளையாட்டு இது என்று நினைத்தபடியே தொட்டேன்.

"எட்டுதுல்ல? வயசு வந்துருச்சு. நாளையிலேருந்து சேத்துக்கிறேன்" என்றார். அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன். குதிருக்குப் பின்னாலிருந்து என் மகளும் சிரித்தாள். பத்து நாளில் அன்றைக்குத்தான் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்த நாளிலிருந்து மத்தியானம் டீச்சருக்கு மோர் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சொம்போடு கிளம்புவேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு புங்கமரம். அதன் அடியில் அரை மணி நேரம் பாடம். மகளும் கூடவே வருவாள். அவளை எழுதச் சொல்லக் கூடாது, படிக்கச் சொல்லக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் பாட்டுக்குப் புங்கங்காயைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

முதலில் என்ன படிக்க ஆசை என்று கேட்டார் டீச்சர். வீட்டுக்காரர் பெயர் என்றேன். சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றார். எப்படிச் சொல்வது? புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நான் நெளிவதைப் பார்த்து மகள்தான் அப்பா பெயரைக் கத்திச் சொன்னாள். டீச்சர் சிலேட்டில் எழுதினார். நாலு எழுத்து. அந்த நாலு எழுத்தையும் ஒரு வாரம் எழுதி எழுதிப் பழகினேன். ஒருநாள் அதை மட்டும் எழுதிக் காட்டி, "என்ன எழுதியிருக்கு, வாசிங்க" என்றார்.

"வாசிச்சுட்டேன்."

"சத்தமா."

"அது ஆகாதுங்க."

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாயால்தான் சொல்லக் கூடாது, கையால் எழுதக் கூடாது என்று எங்கேயும் சட்டம் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து கரித்துண்டை எடுத்து, மாட்டுக் கொட்டகைச் சுவரில் அந்தப் பெயரை எழுதி எழுதி அழித்தேன். செவலைப் பசு பார்த்துக்கொண்டே நின்றது.

மற்ற எழுத்தெல்லாம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. கதிர் அரிவாள் பிடித்த கையில் சிலேட்டுக் குச்சி நிற்கவில்லை. இன்றைக்குப் படித்தது நாளைக்கு மறந்துபோகும். அப்போதெல்லாம் மகளின் சிவந்த விரல்தான் நினைவுக்கு வரும். என்னாலேயே முடியவில்லையே, பச்சைப் பிள்ளையை என்ன பாடு படுத்தினேன் என்று உள்ளுக்குள் குமைந்து போவேன். நான் தடுமாறினால் அவளுக்கு ஒரே கொண்டாட்டம். புங்கங்காயைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். "அது இல்ல ஆத்தா, இங்கிட்டுச் சுழிக்கணும்" என்று என் கையைப் பிடித்து இழுப்பாள். யாரும் கேட்காமலே அவளுக்கு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. நானோ என் பாடத்தில் மூழ்கிக் கிடந்தேன்.

தை பிறந்தது. ஒருநாள் மாமனார் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, உத்தரத்தில் தொங்கிய கம்பியைக் கீழே இறக்கினேன். வாசித்து முடித்த கடுதாசிகளை அதில்தான் குத்தி வைத்திருப்போம். நாலு வருஷக் கடுதாசியும் அதில்தான் இருந்தது. மேலாகக் கிடந்தது மார்கழிக் கடைசியில் வந்தது. அவர் கையெழுத்து சாய்ந்து ஓடும். ஆனாலும் கடையில் கேட்டது ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம் என்பதால், எழுத்தைக் கூட்டக் கூட்டச் சொல் தானாக வந்து நின்றது. கண்மாய், மேலக்காடு, செவலைப் பசு, எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அதற்குப் பிறகும் எழுத்து இருந்தது. பசை தடவி ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கம், பொடிப் பொடியாக நாலு வரி. இதை நான் கேட்டதே இல்லை. தெரியாத எழுத்துக்கு மகளைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டினோம்.

"இது உனக்கு. முதலாளி இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார். நீ வா என்றால் வந்துவிடுகிறேன். எத்தனை கடிதத்தில் கேட்டுவிட்டேன், ஒரு பதிலும் சொல்லவில்லை. என் மேல் என்ன வருத்தம்? மாசிக்குள் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்."

 கம்பியிலிருந்து எல்லாவற்றையும் உருவினேன். ஒவ்வொரு கடுதாசியிலும் அந்த மடிப்பில் எனக்கென்று இரண்டு வரி, மூன்று வரி. உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளை யார் சாடை, வரட்டுமா. நாலு வருஷமாக அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். என் தலைக்கு மேலேயே அது தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

அழுவதற்கு நேரமில்லை. மகளைக் கடைக்கு அனுப்பி நீலக் காகிதம் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். கொட்டை எழுத்தில் எழுதினேன். "வாங்க. இதை நான்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்டது ஒன்றும் எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட வேண்டாம். வாங்க." விலாசம் இங்கிலீஷில் எழுத வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்? அவர் கடுதாசியின் பின்பக்கம் இருந்ததைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு கோடாக வரைந்தேன். டீச்சர் பார்த்து ஓர் எழுத்தைத் தவிர எல்லாம் சரி என்றார்.

கடைக்குக் கொண்டு போனதும் அண்ணன் பேனாவைத் திறந்துகொண்டு, "சொல்லு தங்கச்சி, எழுதுறேன்" என்றார்.

"எழுதியாச்சுண்ணே. தபால்காரர்ட்ட குடுத்துருங்க" என்றேன். அவர் விலாசத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அந்த மடிப்புல இருந்ததை ஏண்ணே வாசிக்கலை?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அதை எப்படித்தா வாசிக்கிறது? புருஷன் பொஞ்சாதிக்கு எழுதுனதை ஒங்க மாமனார் முன்னால, அண்ணன் மொறைக்காரன் நான் வாசிச்சா நல்லாவா இருக்கும்? அதுல என்ன இருக்குன்னு நான் கண்ணை ஓட்டுனதுகூட இல்லை. சாமி சத்தியமா" என்றார். மரியாதை தெரிந்த மனுஷன். அந்த மரியாதையால்தான் என் நாலு வருஷம் போயிற்று. கோபப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அப்புறம் தபால்காரர் மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். போய்ச் சேர்ந்ததா, நான் வரைந்த இங்கிலீஷ் அந்த ஊர்க்காரனுக்குப் புரிந்ததா, அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாரா? மாசி முடிய மூன்று நாள் இருக்கும்போது நீலக் காகிதம் வந்தது.

வழக்கம்போல எல்லாரும் கூடினார்கள். அண்ணன் கடுதாசியை எடுத்தார், ஆனால் பிரிக்கவில்லை. புளி மூட்டைப் பக்கம் திரும்பி என்னிடம் நீட்டினார்.  மாமனார் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எத்தனை நாள் மோர்ச் சொம்பை அவரும்தான் பார்த்திருப்பார்?

"என்னத்தா நிக்கிற? வாசி" என்றார்.

மூட்டையைத் தாண்டி முன்னால் வந்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பிரித்தேன். முதல் வரியில் தடுமாறினேன், இரண்டாம் வரியிலிருந்து தடங்கலில்லாமல் வந்தது. கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா. செவலைப் பசு கன்று ஈன்றதா. சித்திரையில் கப்பலேறுகிறேன், நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலில் அறந்தாங்கி வருகிறேன். இதை நான் வாசித்தேன், என் வாயால், ஊருக்கே கேட்கும்படி. ஈ மொய்க்கிறது என்று சிரித்த பங்காளி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். என் மகள் மாமனார் மடியில் இருந்தபடி, ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மடிப்பு வந்தது. அதில் இந்தத் தடவை நெருக்கி நெருக்கி ஏழு வரி. கண்ணால் வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன்.

"அம்புட்டுத்தானா?" என்றார் மாமனார்.

"அம்புட்டுத்தான் மாமா" என்றேன். அண்ணன் சட்டென்று திரும்பி, யாரும் கேட்காத பருப்பை நிறுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஏழு வரியில் என்ன இருந்தது என்பதை இங்கேயும் எழுதப் போவதில்லை.

வீட்டுக்காரர் வந்த அன்று அறந்தாங்கி ஸ்டேஷனுக்கு எல்லாரும் போயிருந்தோம். ரயில் வரத் தாமதம். மகள் என் கையை உதறிவிட்டுப் பெயர்ப் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. விரலை நீட்டி, "அ, ற, ந், தா, ங், கி" என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ஒரே மூச்சில் "அறந்தாங்கி" என்று கத்தினாள். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. ரயிலிலிருந்து இறங்கியவர், தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதன்முதலாகத் தன் மகளைப் பார்த்தபோது அவள் மறுபடியும் அதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அன்றைக்கு அழுத அழுகை சந்தோஷ அழுகை என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

அதற்குப் பிறகு அவளைப் படி என்று நான் சொன்னதே இல்லை. புத்தகத்தை வைத்துவிட்டுச் சாப்பிட வா என்று கத்தியதுதான் அதிகம். கடை வாசலில் வாங்கிய அறை நினைவிருக்கிறதா என்று பெரியவளானதும் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அடிச்சியா? எனக்கு ஞாபகமில்லை. ஒனக்கு நான் எழுதச் சொல்லிக் குடுத்ததுதான் ஞாபகமிருக்கு" என்றாள். அவளுக்கு மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. இன்றைக்கும் பால் மணம் மாறாத பிள்ளையை உட்கார வைத்து எழுது எழுது என்று மிரட்டுகிற தாயைப் பார்த்தால், விளக்கெண்ணெய் தடவி நான் இழுத்த அந்தச் சின்னக் கைதான் கண்ணில் நிற்கிறது. நீள வேண்டியிருந்தது என் கை, நான் இழுத்தது என் மகளின் கையை.